தானே இட்டுக்கொண்ட தாழ்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் ரயில் பாதையில், மாந்தோப்புகளுக்கு நடுவே, தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் முதலமடை என்னும் கேரள ஊருக்கும், சமூக வலைத்தளங்களின் ஆரவாரத்தை அடக்குவதற்கென்று உலாவியில் பொருத்தும் நீட்சிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், கேரளத்துப் பள்ளிக்கூடங்களைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2001-இல் அம்மாநில அரசு தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளிகளின் கணினிகளை லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது; அதனோடு, எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமையுள்ள ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் மலையடிவாரத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது.

2004 நவம்பரில் முழுவடிவம் பெற்ற அந்த உலாவியின் விசேஷம், அதைச் செய்தவர்கள் நினையாத காரியத்தையும் உபயோகிப்பவர் தமக்காகச் சேர்த்துக்கொள்ள வழி வைத்திருந்ததே. அவ்வழிக்குத் தேவையும் விரைவிலேயே வந்தது: 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் ‘நியூஸ் ஃபீட்’ என்னும் செய்தியோடை முறையைப் புகுத்திற்று. பக்கம் முடிவின்றிக் கீழ்நோக்கி நீளும் உத்தியை அசா ரஸ்கின் வகுத்ததும் அதே ஆண்டில்தான். பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்தினார். 2007-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் ‘லீச்பிளாக்’ நீட்சியை வெளியிட்டார். எந்தத் தளம், எந்த வேளை, மணிக்கு எத்தனை நிமிஷம் என்று தமக்குத் தாமே விதித்துக்கொள்வதோடு, தடை நடக்கும் நேரத்தில் அந்த விதியைத் தளர்த்தும் பக்கத்தையும் எட்டாமல் பூட்டிவிட அதில் இடமுண்டு. காலையில் தெளிந்த புத்தியோடு செய்த சங்கல்பத்தை மாலைச் சபலத்திடமிருந்து காக்கும் இவ்வேற்பாட்டை, இக்காலத்தின் உத்தமமான கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். 2008-இல் ஃபிரெட் ஸ்டட்ஸ்மனின் ‘ஃபிரீடம்’, 2009-இல் ஸ்டீவ் லாம்பர்ட்டின் ‘செல்ஃப்கன்ட்ரோல்’ என்று இவ்வரிசை நீண்டது. தளத்தை மூடாமல் செய்தியோடையை மட்டும் அகற்றும் நீட்சிகளும் பின்னர் வந்தன.

இவற்றின் மகிமை கட்டுப்பாட்டில் இல்லை, அது சுயேச்சையானது என்பதில் இருக்கிறது. கோழிக்கோட்டை அடுத்த சேளன்னூரில் ஒரு கல்லூரி விடுதி, மாலை ஆறு முதல் இரவு பத்து மணி வரை மாணவியர் கைபேசி வைத்திருக்கலாகாது என்று விதித்து, இணங்காத மாணவியை வெளியேற்றியது. 2019 செப்டம்பர் 19-இல் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. அதே நான்கு மணி நேரத்தை அம்மாணவியே லீச்பிளாக்கில் குறித்திருந்தால் அது நிர்ப்பந்தமாகாது, விரதமாகியிருக்கும்.

அந்த விரதத்தையும் தள உரிமையாளர் சகிக்காத காலம் வந்தது. ஃபேஸ்புக்கில் நண்பர்கள், பக்கங்கள் அனைத்தையும் பின்தொடர்வதை ஒரே அழுத்தில் நீக்கி ஓடையை வெறுமையாக்கும் நீட்சியொன்றை இங்கிலாந்துக்காரர் லூயி பார்க்லே செய்தார். அதன் பலனை சுவிட்சர்லாந்தின் நூஷாட்டல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்துகொண்டிருக்கையில், 2021-இல் ஃபேஸ்புக் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அவருடைய கணக்குகளையும் முடக்கிற்று. தன் கண்முன் விரிவதில் எதைக் காண்பது, எதைத் தள்ளுவது என்ற தீர்மானம் காண்பவனுக்கே உரியதென்ற நியாயம் அங்கே மறுக்கப்பட்டது; இது எனக்குப் பொறுக்கவில்லை.

மாம்பழ வியாபாரமும் பிள்ளைகளின் படிப்பும் கைபேசியில் நடக்கும் இந்நாளில், எதைக் காண்பது என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி முதலமடையில் முன்னிலும் கூர்மையாகிறது. ஏனெனில் கைபேசிச் செயலிகளுக்குள் இத்தகைய நீட்சிகள் நுழைய இயலாது, ஆண்ட்ராய்டு குரோமிலும் அவற்றுக்கு இடமில்லை. எனினும் 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் நூற்றுக்கணக்கான நீட்சிகளுக்கு வாசலைத் திறந்துவிட்டது. செயலியை நீக்கி, அவ்வுலாவியின் வழியே தளத்துக்குள் செல்பவருக்கு லீச்பிளாக் அங்கும் கிடைக்கிறது.