லயத்துக் காம்பராவில் பொங்கல்

1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அதை நம்பிக் கடல் கடந்த தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பும் ஆட்டம் கண்டது. பிறகு தேயிலை தளிர்த்தது. 1884இல் ரயில் ஹட்டனுக்கு ஏறி வந்தது.

துன்பம் மட்டும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தை விட்டு இறங்கவில்லை. 1948இல் இவர்களின் குடியுரிமை போனது, மறு ஆண்டே வாக்குரிமை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. லயத்தின் ஒரே அறையில், ஒரே காம்பராவில் வளர்ந்த அண்ணன் கப்பலேற, தங்கை மலையிலேயே தங்கினாள். எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன.

இத்தனைக்கும் நடுவே தைப்பொங்கலுக்குக் காம்பரா வாசல் மெழுகிக் கோலமிட்டார்கள். மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்தார்கள். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டுக்கு ஒரு சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதமுனி என்று வேலையிலிருந்தே தெய்வங்களைக் கண்டெடுத்தார்கள். கத்தி காலில் படாமல், பெல்ட்டில் கை சிக்காமல் கழிந்த நாளுக்கு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது.

இதை அடங்கிப்போன மனம் என்று எண்ணுவது பெரும் பிழை. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களும் இவர்களே. அங்கே பொலிஸ் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்தார். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. சொந்தக் காணிக்கான போராட்டம் இன்னும் தொடர்கிறது.