பிட்டக் கொழுப்பு மாற்று அறுவை: தேறும் காலமும் உட்காரும் கட்டுப்பாடும்

வயிறு, இடுப்புப் பகுதிகளில் உறிஞ்சியெடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் ஏற்றும் அழகியல் அறுவை. ‘பிரேசிலியன் பட் லிஃப்ட்’ என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. இடம் மாறிய கொழுப்புச் செல்களுக்கு முதல் சில நாள்கள் சொந்த இரத்தக் குழாய் இல்லை. சுற்றுத் திசுவிலிருந்து கசியும் ஊட்டத்தில்தான் பிழைக்கின்றன. அழுத்தம் அதைத் தடுக்கும் என்பதால், குறைந்தது இரண்டு வாரம் பிட்டத்தை ஊன்றி உட்காரக் கூடாது என்பார்கள். ஆறு வாரம் சொல்பவர்களும் உண்டு. கால அளவில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. படுக்கை குப்புற அல்லது ஒருக்களித்து. தவிர்க்கமுடியாமல் உட்கார நேர்ந்தால் தொடைக்கடியில் கெட்டியான தலையணை வைத்து, பிட்டம் எதிலும் படாமல் அமர வேண்டும். எவ்வளவு பேணினாலும் ஏற்றியதில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்ளும். நடமாட்டத்தை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் கால் சிரையில் இரத்தம் உறையக்கூடும்.

உட்காருவதைவிடப் பெரிய ஆபத்து அறுவை மேசையில். தசைக்குள் செலுத்திய கொழுப்பு, கிழிந்த பெரிய சிரை வழியே நுரையீரலை அடைத்து உயிரைப் பறித்திருக்கிறது. தோலடியில் மட்டுமே செலுத்த வேண்டும் என்று 2018இல் பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் எச்சரித்தன. மரணங்கள் தொடர்ந்த புளோரிடாவில், 2022இல் ஒரு மருத்துவருக்கு நாளுக்கு மூன்று அறுவை என வரம்பு விதித்து, அல்ட்ராசவுண்ட் கண்காணிப்பையும் கட்டாயமாக்கினர். வீடு திரும்பியபின் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.