கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள்

கேமரன் மலைக்குச் சுற்றுலா வந்து, கியா பார்ம் சந்தையைப் பார்த்துவிட்டு, இரவுக் குளிரில் நண்பர்களோடு பெல்ஜியத்துப் பீர் வகைகளைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் இன்று உண்டு. அவற்றுள் லாம்பிக் என்பது பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்துக்கு உரியது. காய்ச்சிய தானியச் சாற்றை அகன்ற தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைப்பார்கள். காற்றில் வரும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைத்துவிடும். நமக்கு இதில் வியப்பில்லை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் தென்னம்பாளைச் சாறும் தானாகவே கள்ளாகிறதே!

மலாயாவில் அந்தக் கள்ளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய இந்த மலையின் குளிரில் தென்னை காய்க்காது. கீழே ரப்பர்த் தோட்டங்களிலோ, அரசாங்க உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வாங்கிய கூலியில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். யாரை நம்பி அந்தக் கடை நடந்ததோ, அவர்களே மூடச் சொன்னார்கள்! அரசாங்கம் அவர்கள் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது.

போருக்குப் பிறகு, 1947-இல், கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. அந்தப் படையையும் அரசாங்கம் அடக்கியது.