ஐம்பதிலும் வளையும் மரம்



“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் முதுமொழியை நாம் அனைவரும் அறிவோம். படிப்பில் பின்தங்கிய, சொற்கேளாத பிள்ளையைக் கண்டதும் பலரது நாவில் முதலில் வருவது இதுவே. பச்சைக் கொம்பு வளையும், காய்ந்த கொம்பு முறியும் என்பது பூவரசின் பெயரைத் தாங்கிய பூவரசங்குளத்தில் சிறுவரும் அறிந்த உண்மை. ஆயினும், மரத்தை வளைப்பதையே தொழிலாகக் கொண்டோரின் வரலாறு இம்முதுமொழிக்கு ஒரு மறுமொழி வைத்திருக்கிறது. அதனைச் சற்றுச் சிந்திப்போம்.

வில் நமது மண்ணுக்குப் புதியதன்று. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி, அருவியாற்றைப் பற்றிக் காட்டினூடே நடந்து மன்னாரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளியான தமது நூலில் இந்நாட்டு வேடரின் வில்லையும் அம்பையும் அவர் குறிப்பிடுகிறார். அம்பு முனை தேவைப்படின், அதன் வடிவில் வெட்டிய இலையையும் இறைச்சியையும் இரவில் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டுச் செல்வார்களாம். அவர்களது வில் ஒரே கம்பினால் ஆனது. நாணேற்றும்போது மட்டுமே அது வளையும்.

இஸ்லாமிய வரலாற்றிலும் வில்லுக்குத் தனியிடம் உண்டு. இளமையிலேயே இஸ்லாத்தை ஏற்ற ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்கள் இறைபாதையில் முதல் அம்பை எய்தவர் எனப் போற்றப்படுகிறார்கள். கி.பி. 625இல் நிகழ்ந்த உஹத் யுத்தத்தில் நபி (ஸல்) அவர்கள் ஐம்பது வில்லாளர்களைக் குன்றின் மீது நிறுத்தினார்கள்.

பிற்காலத்தில் இக்கலையை உச்சிக்குக் கொண்டு சென்றோர் உஸ்மானியத் துருக்கியர். 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளை வெற்றிகொண்ட சுல்தான் இரண்டாம் முஹம்மத், வில்வித்தைக்கென்றே அந்நகரில் ஒக்மெய்தான் என்னும் திடலை ஒதுக்கினார். அங்கு பயன்பட்ட வில்லின் உள்ளுடல் மேப்பிள் மரம். வயிற்றுப்புறத்தில் எருமைக் கொம்பு. முதுகுப்புறத்தில் விலங்கின் தசைநார். மரத்தை நீரில் ஊறவைத்து, வெப்பமூட்டி, மென்மையானதும் வளைத்து, அச்சில் கட்டிவைத்தனர். கொம்பையும் நாரையும் பசையால் ஒட்டியபின், ஓராண்டும் அதற்கு மேலும் பொறுத்திருந்து உலரவிட்டனர். அவசரப்பட்டவனுக்கு வில் கிடைக்கவில்லை. முறிந்த துண்டுகளே கிடைத்தன. துப்பாக்கியின் வருகையால் இக்கலை மங்கியபோது, முஸ்தஃபா கானி என்பவர் அதன் நுட்பங்களைத் திரட்டி எழுதிய நூல் 1847இல் அச்சேறியது. 2019இல் துருக்கிய வில்வித்தையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

காய்ந்த மரம் எவ்வாறு வளைகிறது? மர இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள், ஈரமும் ஏறத்தாழ 100 பாகை வெப்பமும் சேரும்போது இளகுகிறது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணிநேரம் நீராவியில் வைக்கவேண்டும் என்பது தச்சரின் பொதுக் கணக்கு. வெளியே எடுத்ததும் சில நிமிடங்களுக்குள் வளைத்துவிட வேண்டும். வளைவின் உட்புறம் எளிதில் சுருங்கும். வெளிப்புறமோ மிகச் சிறிதளவே நீளும், அதற்கு மேல் வெடிக்கும். ஆகவே வெளிப்புறத்தில் உலோகப் பட்டையொன்றைத் தாங்கலாக வைப்பர். மைக்கேல் தோனெட் 1859இல் உலகப் புகழ்பெற்ற தமது வளைமர நாற்காலியை உருவாக்கியது இம்முறையாலேயே. இன்னுமொன்று: ஆறி உலரும் வரை அச்சிலிருந்து அவிழ்க்கலாகாது. அவிழ்த்தால் மரம் பழைய நிலைக்கே திரும்பும்.

பெற்றோர்களே! 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். யுத்தம் 2009 வரை நீடித்தது. வன்னியின் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளிலும் எத்தனையோ பேர் கல்வியை இடைநடுவே இழந்தார்கள். அவர்களுட் பலர் இன்று தாமே பெற்றோராகி விட்டனர். “இனி இவன் வளையமாட்டான்” என்று அவர்களையோ, அவர்களது பிள்ளைகளையோ ஒதுக்கிவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அடியும் ஏச்சும் காய்ந்த மரத்தை வெறுங்கையால் வளைப்பது போன்றன. அன்பென்னும் வெப்பமும் பொறுமையென்னும் ஈரமும் தேவை. வெடிக்காதிருக்கத் தாங்கி நிற்கும் ஒருவர் தேவை. ஒரு வாரம் திருந்தியதும் கைவிட்டுவிடாத தொடர்ச்சியும் தேவை.

இளைஞர்களே! பதினெட்டிலோ இருபத்தைந்திலோ ஒரு தொழிலைக் கற்கவோ, விட்ட பரீட்சையை மீண்டும் எழுதவோ வெட்கப்பட வேண்டாம். முதல் மாதத்தில் பலன் தெரியாவிடினும் அச்சை விட்டு விலகாதீர்கள். துருக்கிய வில்லும் ஓராண்டு கட்டுண்டு கிடந்த பின்னரே நாணேறியது.