எண்ணுக்குச் சொந்த ஊர் எது?

புகுமுக வகுப்பில் 1, 2, 3 என்பவை 'அராபிய எண்கள்' என்றுதான் நம் கல்லூரியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். பிறகு 1980-களில் ஜித்தாவுக்கு வேலைக்குப் போனபோதுதான் மானம் போயிற்று.

கடைத்தெருவில் பேரீச்சம்பழக் கூடை மேல் ஓர் அட்டை; அதில் சின்னதாக ஒரு வட்டம். பூஜ்யமா? இனாமாகவா தருகிறான்? பார்த்தால் அது ஐந்தாம்! அவர்களுக்குப் பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு நம் ஏழைப் போல இருக்கும். கூட வந்த எகிப்து நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்குப் பேரே இந்திய எண். இந்தியர் உங்களுக்கே படிக்கத் தெரியலையா?"

நாம் அவர்கள் பேரைச் சொல்கிறோம், அவர்கள் நம் பேரைச் சொல்கிறார்கள். இதென்ன கூத்து என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன்தான்.

பூஜ்யத்தோடு கூட்டிக் கழிக்கும் விதிகளை பிரம்மகுப்தர் எழுதியது 628-இல். 662-இலேயே செவரஸ் செபோக்த் என்ற சிரியா நாட்டு ஆயர், ஒன்பதே குறிகளில் இந்தியர்கள் போடும் கணக்கை வியந்து எழுதிவிட்டார். 825 வாக்கில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி இந்தியக் கணக்கு முறை பற்றியே ஒரு நூல் செய்தார். அதன் அரபு மூலம் தொலைந்துபோய், லத்தீன் வடிவம்தான் மிஞ்சியது. (கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகள் தினமும் சொல்கிற 'அல்காரிதம்' இவர் பேர்தான்.)

அரபு நாடுகளில் இந்த எண்கள் இரண்டு உருவம் எடுத்தன. கிழக்கே ஒன்று, நான் ஜித்தாவில் ஏமாந்தது அதில்தான். மேற்கே மொராக்கோ, ஸ்பெயின் பக்கம் இன்னொன்று; ஐரோப்பாவுக்குப் போய், நம் கைக்குத் திரும்பி வந்தது இதுதான். பைசா நகரத்து ஃபிபோனாச்சி, அல்ஜீரியாவில் கற்றுக்கொண்டு 1202-இல் எழுதிய நூலில், இவை இந்தியரின் ஒன்பது குறிகள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். யார் காதில் விழுந்தது? அரபுக்காரர் கையிலிருந்து வாங்கியதால் ஐரோப்பியருக்கு அது அராபிய எண். கறிவேப்பிலைக் கன்று கொடுத்த வீட்டுப் பேரைத்தானே நாமும் சொல்கிறோம்! 1299-இல் ஃபிளாரன்ஸ் காசுமாற்று வணிகர் சங்கம், கணக்குப் புத்தகத்தில் இவற்றை எழுதவே கூடாது என்று தடை போட்டதும் உண்டு.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் 1949 செப்டம்பரில் இதற்குப் பெரிய சண்டை. தேவநாகரி எண்களா, இவையா? தென்னாட்டு உறுப்பினர்கள் 1, 2, 3-தான் வேண்டும் என்று நின்றார்கள். கடைசியில் 343-ஆவது பிரிவில் 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்று எழுதினார்கள். அராபிய என்ற சொல்லே அதில் கிடையாது.

அடுத்த லீவில் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போய் இத்தனையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரிதாண்டா. பரீட்சையில மட்டும் அராபிய எண்ணுன்னே எழுது" என்றார்.