கான்சாகிப் யாருடைய ஆள்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதெல்லாம் எனக்கு மருதநாயகம் யூசுப்கான் நினைவு வரும். மதுரைச் சீமைக்கும் நெல்லைச் சீமைக்கும் நடுவே இருந்த இந்த ஊர்க் கோட்டைக்காக அன்று பாளையக்காரர்களும் கம்பெனிப் படையும் மோதினார்கள்.

கான்சாகிப் கம்பெனிச் சிப்பாய்களின் தளபதி. 1761-ல் பூலித்தேவனின் நெற்கட்டான்செவலைப் பிடித்தார். பதவி கொடுத்தது கம்பெனி. சீமையோ ஆற்காட்டு நவாப் பெயரில். வரிக் குத்தகை கான்சாகிப் கையில். அப்படியானால் அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

தனக்கே என்றார் நவாப் முகமது அலி. கான்சாகிப் ஒப்பவில்லை. கம்பெனி நவாப் பக்கம் சாய்ந்தது. 1763-ல் போர் மூண்டது. அவர் நடத்திய கம்பெனிப் படையே மதுரையில் அவரை முற்றுகையிட்டது. கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு.

உத்தரவு போடுவது யார் என்று முடிவாகாமல் பிடிக்கும் கோட்டை, அடுத்த சண்டைக்கு அச்சாரம்தான்.