தாயகம் திரும்பியோர்

தாயகம் திரும்பியோர் என்பது, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட, மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழருக்கு அரசு ஆவணங்கள் இட்ட பெயர். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் இதே பெயர்தான். ஆனால் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தாயகம் எனப்பட்ட மண்ணை அவர்களில் பலர் முதன்முதலாக மிதித்ததே இராமேசுவரத்தில் கப்பலை விட்டு இறங்கியபோதுதான்.

அவர்களுடைய முன்னோர் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தது மன்னார் வழியாகத்தான். 19ஆம் நூற்றாண்டில் தலைமன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானவர்கள் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இரு கரையிலும் ரயில் காத்திருந்தது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் ஏறக்குறைய 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், தலைமன்னார்க் கப்பல் பிறகு இராமேசுவரத்துக்கு ஓடியது. மலையக ரயில் நிலையங்களில் உறவினர்கள் கதறி அழுது வழியனுப்பினார்கள். அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் விழுந்தது. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுப்புக்கும் அப்பெயரையே வைத்தார்.

அக்கரையில் மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளரை நிறுத்தி நோய்ச் சோதனை செய்த அதே இடம், இப்போது திரும்பியவர்களைப் பதிவுசெய்தது. அவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. பின்னாளில் அதுவே டேன்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. 1969இல் நிறுவப்பட்ட ரெப்கோ வங்கியும் அவர்களுக்காகத் தோன்றியதே. மொத்தம் ஏறத்தாழ 4.6 இலட்சம் பேர் வந்தார்கள். அரசுத் தாளில் தாயகம் திரும்பியோராக இருந்தவர்கள், ஊரார் வாயில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபின் 1984இல் கப்பல் நின்றது. அதன்பின் மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்களுக்குக் கிடைத்தது வேறு பெயர்: அகதி. மலையகத்திலிருந்து வடக்கே வன்னிக்குக் குடிபெயர்ந்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். முன்னே போனவருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் கடனுதவியும்; பின்னே போன உறவினருக்கு முகாமும் அகதிப் பதிவும். 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. முகாமில் இருந்தவர்களின் சட்ட நிலை அதனால் மாறவில்லை.

இலங்கையிலேயே தங்கி, குடியுரிமை இல்லாதிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதை வழங்கியது. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200ஆம் ஆண்டை முன்னிட்டு, ஜூலை 28 அன்று தலைமன்னாரில் ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த தடத்தைப் பின்பற்றி ஆகஸ்ட் 12 அன்று அது மாத்தளையை அடைந்தது. நிலம், வீடு, சமமான குடியுரிமை ஆகியவை நடந்தவர்களின் கோரிக்கைகளில் முதன்மையானவை.